அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

பி.பி. மாத்திரையைத் தொடங்கிவிட்டால் ஆயுளுக்கும் விடமுடியாது, அதனால் தொடங்காமலே இருந்துவிடு. இந்த யோசனையைக் கேட்காத நடுவயதுக்காரர் தமிழ்நாட்டில் இருப்பது அரிது. காலை நடைக்குப் போகும் பூங்காவில், கல்யாணப் பந்தியில், கைப்பேசியில் சுற்றிவரும் காணொளியில், சில நேரம் யோகா வகுப்பின் மேடையிலிருந்தே இது வருகிறது. கூடவே வைத்தியமும் வருகிறது: வெறும் வயிற்றில் பூண்டு, மருதம்பட்டைக் கஷாயம், முருங்கைக்கீரை, தூள் உப்புக்குப் பதில் இந்துப்பு, விடியற்காலையில் பிராணாயாமம். மூன்றே மாதத்தில் கொதிப்பு அடங்கிவிடும், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

உணவையும் யோகாவையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும், யாருக்குக் குறைக்கும் என்பதற்குப் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் முன்னோடியான சில நம்மவர்கள் செய்தவை. அந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றை அவற்றின் பெயரால் சொல்லி, மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் ஒருவரிடம் அதை நிறுத்தச் சொல்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். சொன்னவர் அடுத்த ஊர் முகாமுக்குப் போய்விடுகிறார். கேட்டவர் கை கால் விழுந்து கட்டிலில் கிடக்கிறார்.

நாம் எல்லோரும் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம் என்ற புலம்பலிலிருந்து தொடங்குவோம். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. நூறு நோயாளிகளில் 92 பேருக்கு மேல் கட்டுக்குள் இல்லை. பாதிப்பேருக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் மருந்தைத் தொடுவதில்லை. தொட்டவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இந்த மாநிலம் மாத்திரை தின்று கெடவில்லை. தின்னவேண்டியவர்களில் பெரும்பாலோர் தின்னாமல் கெட்டுக்கொண்டிருக்கிறது.

மாத்திரை வருவதற்கு முன்னால் மனிதர்கள் இயற்கையாக வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்ந்தார்கள். எப்படிச் செத்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108 இருந்தது. உலகிலேயே அதிக வசதி படைத்த நோயாளிக்கு அன்றைக்குக் கொடுக்கமுடிந்த வைத்தியம் உப்புக் குறைந்த உணவு, எடைக் குறைப்பு, ஓய்வு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ். அழுத்தத்தை இறக்கும் உருப்படியான மருந்து அன்று இல்லை. ஓய்வும் பத்தியமும் நடந்துகொண்டிருக்கும்போதே எண்கள் ஏறின. 1945 ஏப்ரல் 12 அன்று பிற்பகல், தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்றார். அப்போது அளந்த அழுத்தம் 300/190. சில மணி நேரத்தில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். வயது 63. இன்று பாப்பாநாட்டிலோ பரமக்குடியிலோ இருக்கும் ஒரு தையல்காரருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மருந்து, அன்று அமெரிக்க அதிபருக்குக் கிடைக்கவில்லை.

மருந்து உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா, அல்லது எண்ணைத்தான் இறக்குகிறதா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரெய்ஸ் நடத்திய ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. கீழ் எண் 115-க்கும் 129-க்கும் இடையில் இருந்த 143 ஆண்கள். 70 பேருக்கு வெற்று மாத்திரை, 73 பேருக்கு நிஜ மருந்து. 1967-இல் முடிவு வெளியானபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற கடுமையான பாதிப்புகள் வந்திருந்தன. மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு. அந்த 27 பேரில் பலர் ஆய்வு தொடங்கிய நாளில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, தலைசுற்றல்கூட இல்லையே என்று மாத்திரையை ஒதுக்கும் ஒவ்வொருவரும் வெற்று மாத்திரை எடுத்த அந்த 70 பேரின் வரிசையில் போய் நிற்கிறார்.

இப்போது உணவுக்கு வருவோம். உணவால் மட்டும் கடுமையான ரத்த அழுத்தத்தை இறக்கிக் காட்டியவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வால்டர் கெம்ப்னர், 1939 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் ‘அரிசிப் பத்தியம்’ கொடுத்தார். சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். உப்பு அறவே கிடையாது. வேறு வைத்தியமே இல்லாத அந்தக் காலத்தில் சிலருக்கு அழுத்தம் இறங்கியது, வீங்கிய இதயம் சுருங்கியது, விழித்திரையில் இருந்த கசிவு மறைந்தது. இயற்கை உணவுக்காரர்கள் கெம்ப்னரைக் கொண்டாடலாம், தவறில்லை. ஆனால் அவர் எப்படி வைத்தியம் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நோயாளிகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் அந்த ஊரிலேயே தங்கினார்கள். ரத்த அழுத்தம் விடாமல் அளக்கப்பட்டது. யாராவது ஒளித்து உப்புத் தின்கிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அத்தனை கெடுபிடியிலும் எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபின் அந்தப் பத்தியத்தில் நிலைத்தவர்கள் குறைவு. மாத்திரை வந்ததும் அந்தச் சிகிச்சை ஓரங்கட்டப்பட்டதற்கு மருந்துக் கம்பெனிகளின் சதி காரணம் இல்லை. மனிதர்களால் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே வாழமுடியவில்லை.

மனிதர்களால் வாழமுடிகிற உணவைச் சோதித்தது 1997-இல் வெளியான ‘டாஷ்’ ஆய்வு. காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பருப்பு, முழு தானியம். எட்டு வாரம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11.4, கீழ் எண் 5.5 இறங்கியது. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மாத்திரையின் வேலைக்குச் சமம். ஆனால் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் மேல் எண் 160-க்குக் கீழே இருந்தவர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஆய்வு நடத்தியவர்களே சமைத்துக் கொடுத்தார்கள். 180/110-இல் இருக்கும் ஒருவர் அந்த உணவை ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறத்தாழ 169-க்கு வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஆபத்தான எண்தான். மாத்திரையோடு சேர்ந்தால் அந்த 11 அவரைக் கரை சேர்க்கும். மாத்திரைக்குப் பதிலாக வைத்தால் சேர்க்காது. இந்த எளிய கழித்தலைத்தான் மேடைகளில் யாரும் செய்து காட்டுவதில்லை.

நம் வீட்டுச் சமையலில் உண்மையான எதிரி உப்பு. அதைப்பற்றி இயற்கை மருத்துவம் பேசுகிறவர்கள் சொல்வதில் பாதி சரி, பாதி பெருந்தவறு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நம் வீட்டில் அந்த ஒரு கரண்டி எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்து பாருங்கள். இட்லி மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளும் சட்னியில் உப்பு, சாம்பாரில், ரசத்தில், பொரியலில் தனித்தனியாக உப்பு. தயிர்ச் சோற்றுக்கு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு. மாலையில் மிக்சரோ காராசேவோ. மேல்நாட்டில் மனிதர்கள் தின்னும் உப்பில் பெரும்பகுதி தொழிற்சாலையிலிருந்து ரொட்டியிலும் டப்பா உணவிலும் ஒளிந்து வருகிறது. அவர்கள் நினைத்தாலும் குறைப்பது கடினம். நம்முடைய உப்பில் பெரும்பகுதி நம் கையாலேயே அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து ஜாடியிலிருந்து விழுகிறது. குழம்பில் கால் பங்கு குறைத்தால் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். ஊறுகாயும் அப்பளமும் பண்டிகைக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் மீதி தானாகக் குறையும். இவ்வளவு பெரிய வாய்ப்பு நம் கையில் இருக்கும்போது, இயற்கை உணவு பேசுகிறவர்கள் நேரத்தை எதில் செலவழிக்கிறார்கள்? இந்துப்பு விற்பதில்.

இந்துப்பும் உப்புதான். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் சோடியம் குளோரைடு. மிச்சமுள்ள துளி இரும்பும் மற்ற தாதுக்களும் நிறம் கொடுக்கின்றன, மருந்தாகும் அளவுக்கு இல்லை. கல்லுப்புக்கும் இதே கதைதான். தூள் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறியவர்கள், இது ஒன்றும் செய்யாது என்று இன்னும் அரைக் கரண்டி கூடுதலாகவே போடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதில் அயோடின் சேர்க்கப்படுவதும் பெரும்பாலும் இல்லை.

உப்பை மாற்றுவதால் பலன் உண்டு என்று காட்டிய பெரிய ஆய்வு 2021-இல் சீனாவிலிருந்து வந்தது. 600 கிராமங்கள், 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு கொடுத்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. உணவை மாற்றி உயிர் காத்ததற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அந்தக் கிராமத்தார்களில் பெரும்பாலோர் பி.பி. மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். யாரும் அவர்களை அதை நிறுத்தச் சொல்லவில்லை.

யோகாவின் கதையும் இப்படித்தான். மும்பையில் இதய மருத்துவர் கே.கே. டேட்டேயும் அவருடைய குழுவினரும் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்து 1969-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுக்காமல் இருந்த சிலருக்கு அழுத்தம் நன்றாகவே இறங்கியது. மருந்தில் இருந்தவர்களில் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்கமுடிந்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவராக இருந்த சந்திரா பட்டேல் 1973-இல் 20 நோயாளிகளுக்கு யோகா வழியிலான தளர்ச்சிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ இதே சித்திரம்: சிலர் மாத்திரையை விட்டார்கள், சிலருக்குக் குறைந்தது, சிலருக்குப் பயனில்லை. இருவரும் மருத்துவர்கள். இருவரும் முதலில் அழுத்தத்தை இறக்கினார்கள், அளந்தார்கள், அதன்பிறகு மருந்தில் கை வைத்தார்கள். நம் ஊர் முகாமில் முதல் நாளே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள், அழுத்தம் இனிமேல் இறங்கும் என்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிட்டது. அந்த அரும்பணியைச் செய்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றுதான் இதைச் சொல்வேன்.

ஆனால் எனக்கே இறங்கியதே, என் மாமாவுக்கு 170 இருந்தது 145 ஆயிற்றே என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த எண்கள் உண்மை. அவற்றுக்குக் கொடுக்கும் காரணம்தான் ஆராயவேண்டியது. ஒருவர் முதன்முதலில் எப்போது பி.பி. பார்த்துக்கொள்கிறார்? தலைவலி தாங்காமல் ஒரு நாள், மகள் கல்யாண அலைச்சலில் ஒரு நாள், பேருந்தை விட்டிறங்கி மாடிப்படி ஏறி மருத்துவர் முன்னால் மூச்சிரைக்க உட்கார்ந்த ஒரு நாள். அன்றைக்கு அவருடைய அழுத்தம் வழக்கத்தைவிட உச்சத்தில் இருக்கும். ஒரு மாதம் கழித்து அளந்தால், அவர் எதுவுமே செய்யாவிட்டாலும், எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட குழுக்களிலும் அழுத்தம் இறங்குவதை ஆய்வுக்குப் பின் ஆய்வாகப் பார்த்திருக்கிறார்கள். அந்த இயல்பான இறக்கத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் மருந்தின் பலன். கஷாயத்துக்கும் ஆசனத்துக்கும் அதே கணக்குத்தான். முகாமின் முதல் நாள் பதற்றத்தோடு ஒருமுறை, பத்தாம் நாள் பாயில் படுத்தெழுந்து குளிர்ந்த மனதோடு ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருவெற்றி என்று அறிவிப்பது கணக்கே இல்லை. ஊருக்குத் திரும்பி, வட்டிக்காரரும் வாடகையும் மறுபடி வந்தபின் மூன்றாவது மாதத்து எண் என்ன? அதை யாரும் எழுதிவைப்பதில்லை.

மன்னார்குடிப் பக்கத்தில் என் அத்தை இருக்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் ஒரு பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. ஓர் இயற்கை வாழ்வியல் முகாமுக்குப் போய்வந்தபின் அத்தை மாத்திரையை விட்டுவிட்டார். வருகிற பெண்ணின் மனம் நோகக்கூடாதென்று வாங்கிமட்டும் வைத்துக்கொண்டார். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்த பிறகு சமையலறை மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். அம்லோடிபின் அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல், மாதவாரியாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பொட்டலம் இந்துப்பு, அதற்கும் பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. “நார்மலாத்தானேடா இருந்துச்சு, எதுக்குத் தெண்டத்துக்கு மாத்திரைன்னு விட்டேன்” என்று பின்னால் ஒரு நாள் குழறிக் குழறிச் சொன்னார். அவருக்கு வலக்கை எழும்பவில்லை. இடக்கையால் சோறெடுக்கக் கூசி, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிடுகிறார். அந்த முகாமை நடத்தியவருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஏற்பாடு எதுவும் வைத்திருக்கவில்லை.

நார்மலாக இருந்தது மாத்திரையால். இது அத்தைக்கு மட்டும் விளங்காத விஷயம் இல்லை, படித்தவர்களும் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அதனால் கண் சரியாகிவிட்டது என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை. பி.பி. மாத்திரையில் மட்டும் அந்த நியாயம் மறந்துபோகிறது. அதிலும் சில மாத்திரைகளை, குறிப்பாக குளோனிடின், அட்டெனொலால் போன்றவற்றை, திடீரென்று நிறுத்தினால் அழுத்தமோ இதயத்துடிப்போ பழைய நிலையையும் தாண்டி எகிறக்கூடும். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகத்தான் நிறுத்தவேண்டும் என்பதைக்கூட மேடைப் பேச்சாளர் சொல்வதில்லை.

அடுத்த அச்சுறுத்தல்: மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். இதைச் சொல்பவர் டயாலிசிஸில் இருக்கும் யாரையாவது உதாரணம் காட்டுவார். அவர் பத்து வருடமாக பி.பி. மாத்திரை தின்றவராக இருப்பார். சிறுநீரகம் கெடுவதற்கு முன்னணிக் காரணங்கள் சர்க்கரை நோயும் அடங்காத ரத்த அழுத்தமும். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அழுத்தம் ஆண்டுக்கணக்கில் இடித்து இறுக்குகிறது. எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மருந்துகளை, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே கொடுக்கிறார்கள். உண்மையிலேயே சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கெடுதல் செய்யும் மாத்திரை ஒன்று நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகிறது: முட்டிவலிக்கு மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை வலிமாத்திரை. பி.பி. மாத்திரையை விஷம் என்று ஒதுக்கியவர்கள் அதை நாள்தோறும் விழுங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இயற்கை, ரசாயனம் என்று இரண்டு முகாம் பிரிப்பதும் வரலாறு தெரியாமல் செய்வது. ரத்த அழுத்தத்துக்கு உலகம் முழுக்கப் போன முதல் மாத்திரைகளில் ஒன்று நம் மண்ணின் சர்ப்பகந்தா வேரிலிருந்து வந்தது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் அழுத்தத்தை இறக்குவதை எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் அதன் பலனை வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. இயற்கை வேர் என்பதால் அது சாதுவாக இருந்துவிடவில்லை. அளவு கூடியபோது சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது. அது கண்டுபிடிக்கப்பட்டதும் அளந்ததால்தான். கேப்டோப்ரில் என்ற மருந்துக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம். வேரும் விஷமும் மாத்திரையானது எப்போது என்றால், எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இறங்கும், என்ன கெடுதல் வரும் என்று ஒருவர் பொறுமையாக எழுதிவைத்தபோது. மருதம்பட்டைக்கும் முருங்கைக்கும் அந்த வேலையை இன்னும் ஒழுங்காக யாராவது செய்யட்டும், நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். செய்யும்வரை அவை கஷாயமும் கீரையும்தான், மாத்திரைக்கு மாற்று இல்லை.

இயற்கையானது என்றால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தொண்டைக்கு இதமென்று வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர், அல்லது டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்தில் இருப்பவர், தினமும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பொட்டாசியம் கலந்த உப்பு என்று ஆரம்பித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். மேலே சொன்ன சீனத்து உப்பைக்கூட மருத்துவரைக் கேட்காமல் இவர்கள் தொடக்கூடாது. அடங்காத அழுத்தம் உள்ளவரைச் சிரசாசனத்தில் நிறுத்துவதும், வேகமான கபாலபாதி செய்யச் சொல்வதும், மூச்சை அடக்கிக் கும்பகம் பிடிக்கச் சொல்வதும் தவறு. நல்ல யோகா ஆசிரியர்களுக்கு இது தெரியும். அவர்கள் வகுப்பில் சேரும்போதே பி.பி. இருக்கிறதா, என்ன மருந்து என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

மாத்திரைக்கு எதிரான பேச்சு இவ்வளவு எடுபடுவதற்கு மருத்துவர்களும் பொறுப்பு. இரண்டு மணி நேரம் காத்திருந்தவரை இரண்டு நிமிடத்தில் அனுப்புகிறார்கள். வெளியில் வரிசையில் நின்றவரை உள்ளே இழுத்து உட்காரவைத்த நொடியே கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, பேசாமல் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அளக்கும் முறை. அப்படி அளந்து இன்னொரு நாளும் உறுதிசெய்தால் மாத்திரை தேவைப்படாதவர்கள் சிலர் இருப்பார்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரலாம், வந்தால் வாருங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பாதிப்பேர் மருந்தை விட்டிருக்கமாட்டார்கள். கால் வீங்கியதும் பயந்துபோய், விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல், கனிவாக ஒரு மணி நேரம் பேசும் முகாம்காரரிடம் போய்ச் சேருகிறார்கள். அந்தக் கனிவு அரசு மருத்துவமனையில் கிடைத்திருக்கவேண்டும்.

மாத்திரையே இல்லாமல் சமாளிக்கத் தகுதியானவர்களும் உண்டு. மேல் எண் 140-க்கும் 159-க்கும் இடையில், சர்க்கரை இல்லை, இதய நோய் இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, வயதும் அதிகமில்லை என்றால், சில மாதம் உணவையும் உடற்பயிற்சியையும் மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று பல மருத்துவ வழிகாட்டுதல்கள் இடம் கொடுக்கின்றன. ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ 1 குறையும். வேக நடை ஐந்தோ எட்டோ குறைக்கும். உப்பைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். குடியை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம். கூட்டினால் நல்ல தொகை. 160/100-ஐத் தாண்டியவருக்கும், ஏற்கெனவே பக்கவாதமோ மாரடைப்போ வந்தவருக்கும் அந்த அவகாசம் கிடையாது. அவர் மாத்திரையோடுதான் இவை எல்லாவற்றையும் செய்யவேண்டும். அவருக்கும் இதில் பலன் இருக்கிறது. 48 ஆய்வுகளில் இருந்த 3,44,716 பேரின் விவரங்களைச் சேர்த்து 2021-இல் வெளியான கணக்கின்படி, மருந்தால் மேல் எண் 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 10 விழுக்காடு குறைகின்றன. ஒரு மாத்திரையைக் குறைக்கும் அளவுக்கு ஒருவருக்கு நடையும் பத்தியமும் பலித்தால், அதைக் கண்டு முதலில் மகிழவேண்டியவர் அவருடைய மருத்துவர்தான். குறைக்கும் முடிவை எடுக்கவேண்டியவரும் அவர்தான்.

சட்டம் இதில் ஏற்கெனவே பேசிவிட்டது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் ரத்த அழுத்தம் இடம்பெற்றிருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக்கூடாது. அந்த மாதிரி விளம்பரங்களுக்காக 2024-இல் பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாகி, நாளிதழ்களில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஆனால் கைப்பேசிக் காணொளிகளையும் ஊர் முகாம்களையும் அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதே இல்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் எட்டும்.

அதைவிட அவசரமாகச் செய்யக்கூடியது ஒன்று நம் அரசிடமே இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே யோகா பிரிவில் வேலை பார்க்கிறார்கள். அதே வளாகத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் பி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு அறைக்கும் இடையில் நடையாக ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் நோயாளியின் சீட்டு இரண்டு. ஒரே நோட்டாக ஆக்குங்கள். இடப்பக்கம் மாத்திரையும் அளவும், வலப்பக்கம் உப்பு, எடை, நடை, ஆசனம். மேலே தேதியும் அன்றைய எண்ணும். மாத்திரையைக் குறைப்பதாக இருந்தால் இரண்டு பேரும் அதில் கையெழுத்துப் போடட்டும். தனியார் முகாம் நடத்துகிறவர்களும் அந்த நோட்டில் தங்கள் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, மூன்றாவது மாதம் அந்த வீட்டுக் கதவைத் தட்டி எண் என்ன என்று கேட்கட்டும்.